பந்து காலில் ஒட்ட வேண்டுமா, விலகி ஓட வேண்டுமா? (சின்னதாக ஒரு கால்பந்து விளையாட்டு செய்கிறேன்)

#1 கட்டைவிரல்

வணக்கம். மூன்று மாதமாக ஓய்வு நேரத்தில் ஒரு கால்பந்து விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. மேலிருந்து பார்க்கும் இருபரிமாண மைதானம், பக்கத்துக்கு ஐந்து பேர், பிரவுசரிலேயே ஓடும். திசைக்கு நான்கு விசை, உதைக்க ஒரு விசை. தட்டினால் பாஸ், அழுத்திப் பிடித்து விட்டால் ஷாட். ஒரு ஆட்டம் 3 நிமிடம். த்ரோ-இன் கிடையாது, ஓரத்தில் சுவர், பந்து மோதித் திரும்பும். வேகமாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் இதையே ஆரம்பித்தேன்.

பத்துப் பேரிடம் விளையாடக் கொடுத்தேன். எல்லோரும் "நன்றாக இருக்கிறது" என்றார்கள். ஒருவர்கூட இரண்டாவது ஆட்டம் கேட்கவில்லை. அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

எனக்குப் பட்ட குறை இதுதான். பந்து காலில் ஒட்டிக்கொள்கிறது. யாருக்குக் கிடைக்கிறதோ அவர் நேராகக் கோலைப் பார்த்து ஓடுகிறார், பந்து கயிறு கட்டிய ஆட்டுக்குட்டி மாதிரி கூடவே வருகிறது. எதிராளி வந்து மோதினால் அவர் காலில் ஒட்டிக்கொள்கிறது, இப்போது அவர் ஓடுகிறார். இவ்வளவுதான் ஆட்டம்.

ஒட்டாமல் விட்டும் பார்த்தேன். அது இன்னும் மோசம். பந்து கொஞ்ச தூரம் போய் அப்படியே நின்றுவிடுகிறது, ஆள் அதைத் தாண்டி ஓடிவிடுகிறார், திரும்பி வந்து எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறதா? பழைய விளையாட்டுகளில் இதை எப்படிச் சமாளித்தார்கள்?

#2 பழைய ஜாய்ஸ்டிக்

தம்பி, இந்தக் கேள்விக்கு 1989-லேயே ஒருவர் பதில் சொல்லிவிட்டார். டீனோ டீனி எழுதிய 'கிக் ஆஃப்'. அதற்கு முன்னால் வந்தவற்றில் பெரும்பாலும் உங்கள் ஆட்டுக்குட்டி கதைதான். இவர் அந்தக் கயிற்றை அறுத்துவிட்டார். ஓடும்போது கால் பந்தைத் தட்டித் தட்டி முன்னால் தள்ளும். நேராக ஓடும் வரை பிரச்சினை இல்லை. சட்டென்று திரும்பினால் ஆள் ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம்.

அந்தக் காலத்து அமிகா கணினியில் முதல் வாரம் விளையாடியபோது அழுகை வராத குறை. பின்பால் மேசையில் இருபத்திரண்டு பேரை இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. என் அண்ணன் கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இதில் பந்து யார் கட்சி?" என்று கேட்டார். இரண்டாவது வாரம்தான் பிடிபட்டது: பந்து வரும்போதே பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் அது காலடியில் நிற்கும். அங்கிருந்து திசையைக் காட்டி விட்டால் பாஸ். பந்தை நிறுத்தக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது! ஆனால் முதல் தடவை ஓடும் பந்தை நிறுத்தி, திரும்பி, அடித்து, உள்ளே போனபோது கிடைத்த சந்தோஷம் இருக்கிறதே, அது இன்றைய விளையாட்டு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. (வயதும் ஒரு காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.)

அடுத்து 1992-ல் வந்த 'சென்சிபிள் சாக்கர்' கொஞ்சம் இரக்கம் காட்டியது. பந்து கிக் ஆஃப் அளவுக்குத் தறிகெட்டு ஓடாது. அதன் ருசியே உதைத்த பிறகுதான் ஆரம்பிக்கும். பந்து காலை விட்டுக் கிளம்பின பிறகும் ஒரு கண நேரம் ஜாய்ஸ்டிக் பேச்சைக் கேட்கும். இடது பக்கம் சாய்த்தால் இடது பக்கம் வளையும், பின்னால் இழுத்தால் மேலே எழும்பும். ஆஃப்டர்டச் என்பார்கள். 1990-ல் வந்த கிக் ஆஃப் 2-விலும் அது உண்டு. ஒரே பட்டன், அதற்குள் இவ்வளவு. உங்கள் விளையாட்டிலும் ஒரு பட்டன்தானே? அது குறையே இல்லை.

இன்னொன்று. சென்சிபிளில் ஆட்கள் எறும்பு அளவு இருப்பார்கள். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர்கள் சின்னதாக இருந்ததால்தான் மைதானத்தில் பெரும்பகுதி கண்ணில் பட்டது, யார் தனியாக நிற்கிறார் என்று தெரிந்தது, பாஸ் கொடுக்க முடிந்தது. கிக் ஆஃபில் கேமரா கிட்டே இருக்கும், அதனால் மூலையில் இருக்கிற குட்டி ரேடாரையும் ஒரு கண்ணால் பார்க்க வேண்டும். உங்கள் ஆட்கள் திரையில் எவ்வளவு பெரிது?

#3 கட்டைவிரல்

பெரிதுதான் ஐயா. முகம், ஜெர்சி எண் எல்லாம் வரைந்து வைத்திருக்கிறேன். இரண்டு வாரம் அதற்கே போனது. குறைக்கச் சொன்னால் வயிறு எரியும்.

#4 பழைய ஜாய்ஸ்டிக்

எரியட்டும். குறையுங்கள்.

#5 நள்ளிரவு வட்டம்

நான் ஹேக்ஸ்பால் கூட்டத்தைச் சேர்ந்தவன். தெரியாதவர்களுக்கு: 2010-ல் வந்த பிரவுசர் விளையாட்டு. ஆள் ஒரு வட்டம், பந்து இன்னொரு வட்டம், கால்கூடக் கிடையாது. ஆனால் வருடக்கணக்கில் தினமும் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், நாடு நாடாக லீக் நடக்கிறது. கட்டைவிரலின் சிக்கலுக்கு விடை அந்த வட்டங்களின் கணக்கிலேயே இருக்கிறது. அதனால் எண்ணோடு சொல்கிறேன்.

அதில் வினாடிக்கு 60 தடவை கணக்கு ஓடும். ஒவ்வொரு தடவையும் ஆளின் வேகத்தை 0.96-ஆல் பெருக்குவார்கள், பந்தின் வேகத்தை 0.99-ஆல். பார்க்க ஒன்றுபோலத்தான் தெரியும். அறுபது தடவை பெருக்கிப் பாருங்கள். ஒரு வினாடி கழித்துப் பந்திடம் பாதிக்கு மேல், சுமார் 55 சதவீத வேகம் மிச்சம் இருக்கும். விசையிலிருந்து கையை எடுத்த ஆளிடம் 9 சதவீதம்கூட இருக்காது. அதாவது ஆள் சொன்ன இடத்தில் நிற்பார், பந்து வழுக்கிக்கொண்டே போகும். உங்கள் பந்து "அப்படியே நின்றுவிடுகிறது" என்றால், இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன்.

இன்னும் ஒரு வேடிக்கை. நிற்கிற பந்தை உதைத்தால் அதற்குக் கிடைக்கும் வேகம் 5. ஒவ்வொரு தடவையும் நூற்றில் ஒரு பங்கு குறைவதால் அது மொத்தம் ஏறக்குறைய 500 அலகு உருண்டு நிற்கும். வழக்கமான மைதானத்தில் நடுக்கோட்டிலிருந்து கோல் கோடு 370 அலகு. ஆக நடுவிலிருந்து அடித்தாலும் கோல் வரை எட்டும். ஆனால் எட்டும்போது பந்தின் வேகம் 1.3 அளவுக்கு இறங்கியிருக்கும். ஓடுகிற ஆளின் உச்ச வேகமோ 2.4 சொச்சம். பின்னால் துரத்தி வருகிறவர் பந்தையே முந்திவிடுவார். தூரத்திலிருந்து அடிக்கக் கூடாது என்று எந்த விதியும் எழுதவில்லை, கணக்கே தடுத்துவிடுகிறது.

உதைக்கும் விசையைப் பிடித்துக்கொண்டே ஓடினால் முடுக்கம் 0.1-லிருந்து 0.07-க்கு இறங்கும். எப்போதும் உதைக்கத் தயாராக இருக்கிறவன் மெதுவாகத்தான் ஓட முடியும். இதை நான் இரண்டு வருடம் ஆடின பிறகுதான் கவனித்தேன்.

#6 சும்மா வந்தவன்

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்று வீரர்களின் வியர்வைத் துளி வரை காட்டும் விளையாட்டுகள் இருக்கின்றன. வட்டத்தையும் எறும்பையும் வைத்துக்கொண்டு யார் நேரத்தைச் செலவழிப்பார்கள்? பழைய நினைவுக்காக ஆடுகிறவர்கள் இருக்கலாம். புதிதாக ஒருவர் ஏன் ஆட வேண்டும்?

#7 ஓரக்கோடு

அந்த வியர்வைத் துளி விளையாட்டில் பட்டனை அழுத்தினால் முதலில் ஆள் காலைப் பின்னால் கொண்டுபோவார், உடம்பைச் சாய்ப்பார், அப்புறம் உதைப்பார். அழகுதான். நான் அழுத்தினதற்கும் பந்து கிளம்பினதற்கும் நடுவில் அந்த அசைவு முடியும் வரை காத்திருக்க வேண்டும். எறும்புக்கு அந்தக் கவலை இல்லை. அழுத்தினால் அடுத்த பிரேமில், அதாவது திரை அடுத்த தடவை வரையப்படும்போதே, பந்து கிளம்பும். மூன்று நிமிட ஆட்டத்தில் இந்த வித்தியாசம் கையில் தெரியும்.

நானும் பெரிய விளையாட்டுகளை ஆடுகிறவன்தான். அதை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆடுவேன். இதை அரிசி வேகும் நேரத்தில் ஆடுவேன்.

#8 பழைய ஜாய்ஸ்டிக்

சும்மா வந்தவருக்கு ஒரு செய்தி மட்டும். 2007-ல் ஹென்றி லோவுட் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் பாதுகாத்து வைக்க வேண்டிய வீடியோ விளையாட்டுகள் என்று பத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். டெட்ரிஸ், டூம், சிம்சிட்டி எல்லாம் அதில் உண்டு. விளையாட்டுப் போட்டி என்ற வகையில் அந்தப் பட்டியலில் இருந்தது ஒன்றே ஒன்று: 1994-ல் வந்த 'சென்சிபிள் வேர்ல்ட் ஆஃப் சாக்கர்'. அதே எறும்புகள். சுமார் 1,500 அணி, 27,000 வீரர்.

#9 சும்மா வந்தவன்

பட்டியலில் இருக்கிறது என்பதற்காக யாரும் ஆடப் போவதில்லை, பெரியவரே. சரி, கட்டைவிரல் முடித்துவிட்டு இணைப்பைப் போடட்டும், பார்க்கிறேன்.

#10 கட்டைவிரல்

நள்ளிரவு வட்டம் சொன்னது அப்படியே சரி. ஆளுக்கும் பந்துக்கும் ஒரே எண்தான் கொடுத்திருந்தேன். மாற்றிவிட்டேன்.

இப்போது கால் பந்தைத் தொடும் ஒவ்வொரு தடவையும், ஆளின் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான வேகத்தை ஓடும் திசையில் பந்துக்குக் கொடுக்கிறேன். பந்து ஒரு எட்டு முன்னால் போகிறது, மெல்ல வேகம் குறைகிறது, ஆள் பிடித்துவிடுகிறார், மறுபடியும் ஒரு தட்டு. முதலில் 1.5 மடங்கு வைத்தேன். பந்தைத் துரத்துவதே வேலையாகிவிட்டது. 1.1 வைத்தால் பழையபடி ஒட்டினது போல இருக்கிறது. இப்போது 1.25-ல் நிற்கிறது. அந்த ஒரு எட்டு இடைவெளி இருக்கிறதே, அதில்தான் எதிராளி காலை நீட்டுகிறார். முன்பெல்லாம் மோதிப் பிடுங்க வேண்டியிருந்தது. இப்போது பந்து காலை விட்டுப் போயிருக்கும் நேரம் பார்த்து நுழைய வேண்டியிருக்கிறது. நேற்று இரவு கணினியோடு தனியாக ஆடிக்கொண்டே மணி ஒன்றாகிவிட்டது.

ஆட்களையும் பாதி அளவுக்குக் குறைத்துவிட்டேன். முகம் போய்விட்டது. அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

ஆனால் புது வம்பு ஒன்று. நண்பர் ஒருவர் தன் கணினியில் ஆடிப் பார்த்துவிட்டு "என்ன வேகம்! கண்ணால் பார்க்கவே முடியவில்லை" என்றார். பாராட்டு என்று நினைத்துக் குளிர்ந்துபோய் நேரில் போய்ப் பார்த்தால், நிஜமாகவே கண்ணால் பார்க்க முடியவில்லை. ஆட்கள் கொசு மாதிரி பறக்கிறார்கள். என் கணினியில் அப்படி இல்லை.

#11 மிச்ச பிரேம்

அவர் மானிட்டர் 144 ஹெர்ட்ஸாக இருக்கும். உங்களுடையது 60. பிரவுசர் திரையை எத்தனை தடவை புதுப்பிக்கிறதோ அத்தனை தடவை நீங்கள் ஆளை நகர்த்துகிறீர்கள். 144-ஐ 60-ஆல் வகுத்தால் 2.4. அவர் வீட்டில் கால்பந்து 2.4 மடங்கு வேகத்தில் நடக்கிறது.

வரைவதையும் கணக்கையும் பிரித்துவிடுங்கள். கடந்த நேரத்தை ஒரு உண்டியலில் போட்டுக்கொண்டே வாருங்கள். உண்டியலில் அறுபதில் ஒரு பங்கு வினாடி சேரும்போதெல்லாம் அதை எடுத்து ஒரு தடவை கணக்கு ஓட்டுங்கள், மீதியை அப்படியே விடுங்கள். திரை தன் இஷ்டத்துக்கு வரைந்துகொள்ளட்டும். இதைச் செய்யாவிட்டால் நள்ளிரவு வட்டம் கொடுத்த 0.96, 0.99 எல்லாம் ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு அர்த்தம் கொள்ளும்.

அப்படியே இதையும் கேட்டுவிடுகிறேன்: ஷாட் அடித்தால் பந்து எப்போதாவது கோல்போஸ்டைத் துளைத்துக்கொண்டு போகிறதா?

#12 கட்டைவிரல்

போகிறது! கண் ஏமாற்றுகிறது என்று நினைத்திருந்தேன்.

#13 மிச்ச பிரேம்

கண் சரியாகத்தான் இருக்கிறது. பந்து ஒரு பிரேமுக்கு 26 பிக்சல் தாண்டுகிறது, போஸ்ட் 8 பிக்சல் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த பிரேமில் பந்து போஸ்டுக்கு இந்தப் பக்கம், அடுத்த பிரேமில் அந்தப் பக்கம். நடுவில் எங்கேயும் அது இருந்ததே இல்லை, அப்புறம் எப்படி மோதும்? வேகமான பந்துக்கு மட்டும் ஒரு பிரேமை நான்கு துண்டாக்கி நகர்த்துங்கள். 26 என்பது ஆறரை ஆகிவிடும், போஸ்ட் தப்பாது.

#14 கம்பத்தடி

நான் நிஜ வாழ்க்கையிலும் கோல்கீப்பர், அதனால் என் சங்கத்துக்காகப் பேசுகிறேன். எல்லோரும் பந்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கோல்கீப்பர் எப்படி இருக்கிறார்?

#15 கட்டைவிரல்

அவரைத் தாண்டி கோலே போட முடியாது. பந்து எங்கே போகிறதோ அங்கே ஏற்கெனவே நிற்கிறார். பாவமாக இருக்கிறதென்று வேகத்தைக் குறைத்தேன். இப்போது பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருக்கிறார், எது அடித்தாலும் உள்ளே.

#16 கம்பத்தடி

வேகத்தில் கை வைக்காதீர்கள். அவர் கண்ணில் கை வையுங்கள். உங்கள் கீப்பர் பந்து இப்போது இருக்கும் இடத்தைப் பார்க்கிறார். மனிதர் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. கண் பார்த்து, மூளை புரிந்து, உடம்பு அசைவதற்குள் ஐந்தில் ஒரு பங்கு வினாடியாவது போய்விடும். வினாடிக்கு அறுபது பிரேம் என்றால் அது 12 பிரேம். பந்து இருந்த இடங்களை வரிசையாகச் சேமித்து வைத்து, 12 பிரேம் பழைய இடத்தை மட்டும் அவருக்குக் காட்டுங்கள். ஓட்டத்தை முழு வேகத்திலேயே விட்டுவிடுங்கள்.

அப்புறம் பாருங்கள். தூரத்திலிருந்து நேராக அடித்த பந்தை அவர் அலட்டிக்கொள்ளாமல் பிடிப்பார். கிட்டே வந்து அடித்தால் திணறுவார். பழைய ஜாய்ஸ்டிக் சொன்னது போல உதைத்த பிறகு வளைத்தால், தப்பான பக்கம் பாய்ந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அந்தத் திரும்பிப் பார்க்கும் நிலை எனக்கு நன்றாகத் தெரியும். வாரத்துக்கு ஒரு தடவையாவது அங்கே நிற்கிறேன்.

நிற்கும் இடத்துக்கும் ஒரு வழி: கோலின் நடுவையும் பந்தையும் சேர்த்து ஒரு கோடு போட்டு அந்தக் கோட்டின் மேலேயே நகரச் சொல்லுங்கள். கோல் கோட்டில் ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் மட்டும் ஓடினால் அது கீப்பரே அல்ல, கதவு.

#17 நேர்கோடு

ஆஃப்சைடு விதி இருக்கிறதா? இல்லாவிட்டால் ஒருவர் எதிரணி கோல் வாசலிலேயே குடியிருப்பார். அதைக் கால்பந்து என்று சொல்ல முடியாது.

#18 நள்ளிரவு வட்டம்

ஹேக்ஸ்பாலில் ஆஃப்சைடு இல்லை. அங்கேயே நிற்கிறவனை யாரும் தடுக்க மாட்டார்கள். அவன் அணி மற்ற இடத்தில் ஒரு ஆள் குறைவாக ஆடும், அவ்வளவுதான்.

#19 நேர்கோடு

அது மூன்று பேர் ஆடும் சின்ன மைதானத்துக்குச் சரி. விதியை எடுத்துவிட்டு வேகம் வந்துவிட்டது என்று சொல்வது ஏமாற்று.

#20 பழைய ஜாய்ஸ்டிக்

சென்சிபிளில் பதினொரு பேர். அதிலும் ஆஃப்சைடு இல்லை. நான் யாரிடமும் ஏமாந்ததாக நினைவில்லை.

#21 நேர்கோடு

நீங்கள் எதைச் சொன்னாலும் சென்சிபிளில்தான் முடிப்பீர்கள்.

#22 ஓரக்கோடு

இரண்டு பேரும் பேச்சை இங்கே நிறுத்தினால் நல்லது. ஐந்து பேர் ஆட்டம், 3 நிமிடம். கொடி தூக்கி, ஆட்டத்தை நிறுத்தி, ஃப்ரீ கிக் வைத்து, எல்லோரும் நகர்ந்து முடிப்பதற்குள் பத்து வினாடி போய்விடும். ஆட்டத்துக்கு ஆறு தடவை நடந்தால் ஒரு நிமிடம், மூன்றில் ஒரு பங்கு. ஆட்களை வேகமாக ஓட விட்டால் விளையாட்டு வேகமாகிவிடாது. எங்கே எங்கே ஆட்டம் நிற்கிறது என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். கோல் விழுந்த பிறகு கொண்டாட்டம் எவ்வளவு நேரம் ஓடுகிறது?

#23 கட்டைவிரல்

ஆறு வினாடி. கூட்டத்தின் சத்தம், துள்ளிக் குதிப்பது எல்லாம் உண்டு.

#24 ஓரக்கோடு

முதல் தடவை ஆறு வினாடி இனிக்கும். ஒன்றரை வினாடி வைத்துப் பாருங்கள்.

#25 கட்டைவிரல்

இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். உண்டியல் முறை, நான்கு துண்டு, 12 பிரேம் பழைய கண் மூன்றும் போட்டாயிற்று. கீப்பர் இப்போது மனிதர் மாதிரி ஏமாறுகிறார். கொண்டாட்டம் ஒன்றரை வினாடி. ஆஃப்சைடு இல்லை, நேர்கோடு அவர்கள் மன்னிக்கவும்.

ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆடும் வசதியும் சேர்த்தேன். அந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். இடது ஆளுக்கு ஓட 'டபிள்யூ, ஏ, எஸ், டி', வலது ஆளுக்கு அம்பு விசைகள். சில விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கீபோர்டு கடைசி விசையைக் கண்டுகொள்வதே இல்லை. அக்கா குறுக்காக ஓடிக்கொண்டிருந்தால் அக்கா மகனால் ஷாட் அடிக்க முடியாது. "அம்மா வேண்டுமென்றே செய்கிறாள்" என்று சண்டை. ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்ற விசைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று படித்து, அவனுக்கு உதைக்க வலது ஷிஃப்ட் கொடுத்தேன். ஐந்தாவது உதையில் விண்டோஸ் குறுக்கே வந்து, ஸ்டிக்கி கீஸ் (விசைகளைச் சேர்த்து அழுத்தாமல் ஒவ்வொன்றாக அழுத்தும் வசதி) வேண்டுமா என்று பெட்டி காட்டியது. அடுத்து வலது கன்ட்ரோல் கொடுத்தேன். ஆட்டம் 2-2. அவன் ஷாட்டுக்குக் கன்ட்ரோலைப் பிடித்திருக்கிறான், அதே நேரம் அக்கா மேலே ஓட 'டபிள்யூ'வை அழுத்துகிறாள். இரண்டும் சேர்ந்தால் பிரவுசரில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். டேபே மூடிக்கொண்டது.

#26 மிச்ச பிரேம்

அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அந்த விசைக் கூட்டை வலைப்பக்கத்துக்குள்ளிருந்து தடுக்கவும் முடியாது. இடது ஆளை வேறு எழுத்துகளுக்கு மாற்றுங்கள், அல்லது ஒருவருக்கு ஜாய்பேட் கொடுங்கள்.

#27 கட்டைவிரல்

ஜாய்பேடுதான் கொடுத்தேன். அம்மாவும் மகனும் அதற்கு மேல் எட்டு ஆட்டம் ஆடினார்கள், என்னை உட்கார விடவில்லை. இணைப்பு என் சுயவிவரப் பக்கத்தில் இருக்கிறது.

#28 சும்மா வந்தவன்

ஆடிப் பார்த்தேன். முதல் ஆட்டம் கணினியிடம் 0-7. பந்தை விட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருந்தேன், பெரியவர் சொன்ன முதல் வாரம் இதுதான் போல. ஐந்தாவதோ ஆறாவதோ ஆட்டத்தில் வலது ஓரத்திலிருந்து அடித்த பந்து வளைந்து உள்ளே போனது, கீப்பர் அந்தப் பக்கம் பாய்ந்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஒரு குறை. மைதானத்தின் மூலையில் பந்து மாட்டிக்கொள்கிறது. இரண்டு பேரும் இரண்டு பக்கம் நின்று தள்ளிக்கொண்டே இருக்கிறோம், பந்து வெளியே வருவதில்லை. நேற்று அப்படியே 40 வினாடி போய், 3-4 என்று தோற்றேன். அதைச் சரிசெய்யுங்கள்.

#29 கட்டைவிரல்

நான்கு மூலையையும் சாய்வாக வெட்டிவிட்டேன். பந்து இப்போது வழுக்கி வெளியே வந்துவிடும். பக்கத்தை ஒரு தடவை புதுப்பித்துவிட்டு ஆடுங்கள்.

#30 சும்மா வந்தவன்

5-4.